டகோமாவுக்கு முன் பம்பர்: முழு எஃகா, அலுமினியமா, ஹைபிரிடா?

மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப்பை (2016 முதல் 2023 வரையிலான மாடல்கள்) வாங்கிக் கரடுமுரடான பாதைகளில் ஓட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் டயரை மாற்றுவார்கள், அடுத்துக் கை வைப்பது முன் பம்பரில். டயரில் தவறினால் தேய்ந்து முடிந்ததும் திருத்திக்கொள்ளலாம். பம்பரில் தவறினால் ஸ்பிரிங், அலைன்மென்ட், ரேடார், ரேடியேட்டர் என்று நாலைந்து இடங்களில் சிக்கல் வரும். விற்பனைப் படங்களில் பம்பரின் முகம் மட்டுமே தெரியும். தேர்வு செய்ய வேண்டியதோ அதன் முதுகைப் பார்த்து: சேஸிஸில் எப்படிப் பிடித்திருக்கிறது, எடை எவ்வளவு, வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் மின்கருவி) எங்கே உட்காருகிறது. இந்த மூன்றுக்கும் சரியான பதில் இல்லாத பம்பர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கம்பெனி பம்பரில் மூன்று அடுக்கு உண்டு. வெளியே பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஃபோம், அதற்கும் பின்னால் சேஸிஸின் இரண்டு முனைகளையும் இணைக்கும் உலோகக் குறுக்குச்சட்டம். நகரத்தில் மெதுவாக மோதினால் இது தன் வேலையைச் செய்யும். பாறைப் படியில் ஏறும்போதோ, உறையின் கீழ்மூலைகள்தான் முதலில் உரசும், கிழியும். வின்ச் பூட்டவும் இடம் கிடையாது. பல டகோமாக்களில் உறைக்குக் கீழே ஏர் டேம் என்ற பிளாஸ்டிக் பட்டை தொங்கும். நெடுஞ்சாலையில் காற்றுத் தடையைக் குறைக்க வைத்தது அது. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் கூடுதல் ஏறுகோணம் (பம்பர் இடிக்காமல் வண்டி ஏறக்கூடிய சரிவின் கோணம்) மட்டும்தான் என்றால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

சந்தையில் நான்கு வகைகள் இருக்கின்றன. முழு எஃகுத் தகட்டுப் பம்பர் (ஏஆர்பி சம்மிட், வார்ன் அசென்ட் போன்றவை), அதே வடிவில் அலுமினியப் பம்பர், கம்பெனி உறையின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் ஹைபிரிட் (சி4 ஃபேப்ரிகேஷன், சிபிஐ ஆஃப்ரோட், எஸ்எஸ்ஓ போன்றோர் செய்வது), கம்பெனி பம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வின்ச் தட்டு. குழாய்களை வளைத்துச் செய்யும் பம்பர்களும் உண்டு, ஆனால் டகோமாவில் அவற்றை அதிகம் பார்க்க முடியாது.

எடைக் கணக்கை முதலில் போடுங்கள்

முழு எஃகுப் பம்பர் வடிவத்தைப் பொறுத்து 55 முதல் 80 கிலோ வரும். அலுமினியம் 30 முதல் 40 கிலோ. ஹைபிரிட், எஃகில் செய்தால் 35 முதல் 45 கிலோ. இதன் மேல் வின்ச்: ஸ்டீல் கயிறு சுற்றியது 38 கிலோவை ஒட்டி, செயற்கை இழைக் கயிறு சுற்றியது 30 கிலோவை ஒட்டி.

இந்த எடை எங்கே உட்காருகிறது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டபுள் கேப், குட்டைப் பெட்டி டகோமாவின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 3,236 மி.மீ. பம்பரும் வின்ச்சும் முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 75 செ.மீ. முன்னால் தொங்குகின்றன. அங்கே 100 கிலோ கூட்டினால் முன் அச்சு சுமப்பது 100 கிலோ அல்ல, 123 கிலோ. கூடுதலாக வரும் 23 கிலோ பின் அச்சிலிருந்து எடுக்கப்படுகிறது. பின்பெட்டி காலியாக இருக்கும்போது பின் டயரின் பிடிப்பு ஏற்கெனவே குறைவு. மழையில் நனைந்த சாலையில் பின்பக்கம் இன்னும் லேசாக நிற்கும்.

முன்பக்க ஸ்பிரிங் கம்பெனி எடைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 123 கிலோ ஏறியதும் மூக்கு தாழும், பிரேக் போட்டால் முன்பக்கம் ஆழமாகக் குனியும், குழியில் இறங்கும்போது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். ஹெட்லைட் வெளிச்சமும் கீழே இறங்கிவிடும். இதற்கு ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைத்து உயரத்தை மீட்பதாகச் சொல்வார்கள். ஸ்பேசர் உயரத்தை மட்டுமே தரும், தாங்கும் சக்தியைத் தராது. தேவைப்படுவது கடினம் கூடிய ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும். ஓல்ட் மேன் எமு போன்ற பிராண்டுகள் பம்பர் இல்லாத வண்டிக்கு ஒன்று, பம்பர் மட்டும் உள்ளதற்கு ஒன்று, பம்பரும் வின்ச்சும் உள்ளதற்கு இன்னொன்று என்று சுமைப்படி ஸ்பிரிங் தருகின்றன. பம்பர் முடிவான பிறகு ஸ்பிரிங் வாங்குங்கள், முன்னால் வாங்கினால் இரண்டு முறை வாங்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் மாற்றியதும் அலைன்மென்ட் கட்டாயம்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. இந்தத் தலைமுறை டகோமாவின் வி6, டபுள் கேப், நான்கு சக்கர இயக்க மாடலுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 5,600 பவுண்ட், அதாவது 2,540 கிலோ. வெறும் வண்டியே 2,000 கிலோவைத் தொட்டுவிடும். மிச்சம் சுமார் அரை டன். உங்கள் வண்டிக்கான சரியான எண் ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். நான்கு பெரியவர்கள், கூரைக் கூடாரம், குளிர்பெட்டி, தண்ணீர், பின் பம்பர், அடித்தகடுகள் என்று கூட்டிப் பாருங்கள். முன்னால் 100 கிலோ ஏற்ற இடமிருக்கிறதா என்பது அந்தக் கூட்டலில் தெரிந்துவிடும். முழு எஃகுப் பம்பரைப் பெரும்பாலான குடும்ப வண்டிகளுக்கு நாங்கள் பரிந்துரைக்காததற்கு முதல் காரணமே இதுதான்.

முழு எஃகு எங்கே தேவை

மான்கள் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலைகளில் இரவில் ஓட்டுகிறவர்களுக்கு முழு எஃகுப் பம்பரும், அதன் மேல் கிரில்லுக்கு முன்னால் நிற்கும் குழாய் வளையமும் அர்த்தமுள்ள செலவு. வயோமிங், யூட்டா, மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் இது அன்றாட ஆபத்து. மானின் உடல் கிரில் உயரத்தில் வந்து மோதும். வளையம் இல்லாவிட்டால் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் போய், வண்டி அங்கேயே நின்றுவிடும். அருகிலுள்ள ஊர் 100 கி.மீ. தொலைவில் இருந்தால் இது வெறும் பழுது பார்க்கும் செலவோடு முடியாது.

கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதை போலக் கருங்கல் பாறைகளில் ஏறி இறங்குகிறவர்களுக்கும் எஃகே ஏற்றது. பாறையில் உட்கார்ந்து சறுக்கினால் எஃகு கீறும், வளையும், ஆனால் கிழியாது. வளைந்ததை நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பற்றவைக்கலாம்.

தகட்டின் தடிமனைக் கேளுங்கள். முகத்தகடு 3/16 அங்குலம் (4.8 மி.மீ.), சேஸிஸில் பூட்டும் தாங்கிகள் 1/4 அங்குலம் (6.4 மி.மீ.) என்றால் நல்ல அமைப்பு. முகத்தில் 3 மி.மீ. தகடு இருந்தாலும் குற்றமில்லை, பின்னால் விலா வைத்து வலுவூட்டியிருந்தால் போதும். முகத்துக்கே 1/4 அங்குலம் போட்டிருப்பதாகப் பெருமையாகச் சொன்னால், அங்கே வீணாக எடை ஏற்றியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃகின் எதிரி துரு. பவுடர் கோட்டிங் பார்க்க அழகு, ஆனால் ஒரு கல் பட்டுத் தெறித்த இடத்திலிருந்து துரு பூச்சின் அடியிலேயே பரவும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலால் சுரண்டினால் அகலமாக உரிந்து வரும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் இருப்பவர்கள், பவுடர் கோட்டிங்கின் கீழே துத்தநாகப் பிரைமர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பூச்சில்லாத வெறும் பம்பரை வாங்கி, எபாக்சி பிரைமரும் சாதாரணக் கறுப்புச் சேஸிஸ் பெயின்ட்டும் அடிப்பது மேல். கீறல் விழுந்தால் நீங்களே தேய்த்து மறுபூச்சு அடித்துக்கொள்ளலாம். பாறையில் ஓட்டுகிறவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள், அதில் நல்ல நியாயம் இருக்கிறது.

அலுமினியம்

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது, விறைப்பும் அப்படியே. அதனால் அதே வேலைக்குத் தகட்டைத் தடிமனாக்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் எடை எஃகில் பாதியாகத்தான் நிற்கும். நீண்ட தூரப் பயணம், நிறையச் சாமான், மணல், சரளைப் பாதை என்று ஓட்டுகிறவர்களுக்கு இது சிறந்த பொருள். துருப்பிடித்து உதிராது. ரெலன்ட்லஸ் போன்ற சில பட்டறைகள் ஒரே வடிவத்தை எஃகிலும் அலுமினியத்திலும் தருகின்றன. அங்கே இரண்டின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இதன் பலவீனம் வெல்டிங் விளிம்பில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட பகுதியில் அலுமினியத்தின் வலிமை கணிசமாகக் குறைந்துவிடும். விரிசல் வந்தால் பெரும்பாலும் பற்றுக்கு ஒட்டிய அந்தக் கோட்டில்தான் வரும். பாறையில் திரும்பத் திரும்ப இடிக்கும் வண்டிக்கு அதனால்தான் இது பொருந்தாது. வளைந்தால் எஃகு மாதிரி அடித்து நிமிர்த்த முடியாது, பற்றவைக்க டிக் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும். விலையும் எஃகைவிடச் சில நூறு டாலர் கூடுதல்.

எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலான் வாஷரோ, அரிப்புத் தடுப்புப் பசையோ வையுங்கள். சேஸிஸில் பிடிக்கும் தாங்கிகளும், ஷேக்கிள் (இழுக்கும் கயிற்றை மாட்டும் U வடிவ வளையம்) மாட்டும் காதுகளும் எஃகிலேயே இருக்கும் அலுமினியப் பம்பரைத் தேடுங்கள். இழுக்கும் சுமை எஃகு வழியாகப் போக வேண்டும், அலுமினியம் மூடியாக இருந்தால் போதும்.

ஹைபிரிட்: பெரும்பாலோருக்கு இதுவே பொருத்தம்

ஹைபிரிட்டில் கிரில்லைச் சுற்றிய மேல்பகுதி கம்பெனி உறையாகவே இருக்கும். கீழே வின்ச் தட்டும், இரண்டு பக்கமும் மேல்நோக்கி ஏறும் சிறகுகளும் உலோகம். முகம் அடக்கமாக இருக்கும், எடை குறைவு, சக்கரத்துக்கு முன்னால் இடம் அதிகம். கம்பெனி 265/70 ஆர்16 டயரின் விட்டம் 777 மி.மீ. பலர் போடும் 285/70 ஆர்17 டயரின் விட்டம் 831 மி.மீ. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் அந்த டயர் உறையின் பின்மூலையில் உரசும். ஹைபிரிட்டில் அந்த மூலையே வெட்டுப்பட்டுப் போவதால் உரசல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஏறுகோணத்தில் கிடைக்கும் லாபத்தை நீங்களே அளக்கலாம். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் மிகத் தாழ்ந்த முனைக்குக் கிடைமட்டத் தூரம் 70 செ.மீ., அந்த முனையின் உயரம் 50 செ.மீ. என்றால் கோணம் சுமார் 35 டிகிரி. சிறகு 60 செ.மீ. உயரத்தில், 60 செ.மீ. தூரத்தில் முடிந்தால் 45 டிகிரி. ஆனால் இது டயருக்கு நேர் முன்னால் உள்ள கோணம். வண்டியின் நடுவில் வின்ச் தட்டும் ஷேக்கிளும் இன்னும் தாழ்ந்திருக்கும். படிப் பாறைகளில் டயர்தான் முதலில் கல்லைத் தொட வேண்டும் என்பதால் சிறகுக் கோணமே முக்கியம். நடுவில் உயர்ந்து நிற்கும் கற்களுக்கு நடுக்கோணம் முக்கியம். இரண்டையும் அளந்து பாருங்கள்.

ஹைபிரிட்டின் சிரமம், உறையை வெட்டுவது. திரும்ப ஒட்ட முடியாது. தயாரிப்பாளர் தரும் வெட்டுக்கோட்டை அப்படியே நம்பி ஒரே வெட்டில் முடிக்காதீர்கள். நீல டேப் ஒட்டிக் கோடு போடுங்கள், கோட்டுக்கு அரை அங்குலம் வெளியே வெட்டுங்கள், பம்பரைப் பொருத்திப் பாருங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வேகமாகச் சுழலும் கட்டிங் டிஸ்க் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும், வெட்டின் விளிம்பில் பிசின் போலத் திரளும். அசைந்து வெட்டும் மல்டி டூலில் நுண்பல் பிளேடு போட்டு வெட்டினால் விளிம்பு சுத்தமாக வரும். கடைசியில் ரப்பர் விளிம்புப் பட்டை செருகுங்கள்.

வெட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே சுமார் 12 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. டகோமாவின் உடல் சேஸிஸின் மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. புது பம்பர் சேஸிஸில் பூட்டப்படுகிறது, பிளாஸ்டிக் உறையும் கிரில்லும் உடலோடு சேர்ந்தவை. வண்டி மேடு பள்ளத்தில் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். பட்டறையில் ஒட்டி உட்காருவது போல அழகாகப் பொருத்தினால் முதல் பயணத்திலேயே பெயின்ட் உரிந்துவிடும், உறையின் கொக்கிகள் உடையும். முழு எஃகுப் பம்பருக்கும் கிரில், ஃபெண்டர் ஓரங்களில் இதே விதிதான்.

மான் மோதல் இதன் குறை. மேல்பாதி பிளாஸ்டிக்காகவே இருப்பதால் ரேடியேட்டருக்குக் கூடுதல் பாதுகாப்பு இல்லை. சில ஹைபிரிட்களில் வளையம் சேர்த்துக் கிடைக்கும். ஆனால் வளையம் மெல்லிய குழாயில் செய்து முன்தட்டில் மட்டும் பற்றவைத்திருந்தால் மோதலில் அது பின்னால் மடிந்து ரேடியேட்டரையே குத்தும். அப்படியென்றால் வளையமே இல்லாதது மேல்.

ஒளிந்த வின்ச் தட்டு

விலை குறைவு, எடை 15 கிலோவை ஒட்டி, வண்டியின் தோற்றம் மாறாது. ஏறுகோணத்தில் லாபம் எதுவும் இல்லை. வின்ச்சின் கிளட்ச் நெம்பைக் கை விட்டு எட்ட முடிகிறதா, கயிறு சுற்றுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் "ஆம்" என்ற பதில் வந்தால் வாங்குங்கள். கயிறு டிரம்மின் ஒரு பக்கத்தில் குவிந்து ஏறுவது தெரியாமல் இழுத்துக்கொண்டே போனால் அது தட்டில் இறுகிச் சிக்கும். சேற்றில் நின்றுகொண்டு பம்பரைக் கழற்ற யாராலும் முடியாது.

முதுகைப் பாருங்கள்

நேரில் பார்க்க முடிந்தால் பம்பரைக் குப்புறப் போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் பின்பக்கப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.

ஷேக்கிள் மாட்டும் காது, முகத்தகட்டின் மேல் ஒட்டவைத்து ஒரே பக்கம் பற்றவைத்ததாக இருக்கக் கூடாது. காதுத் தகடு முகத்தைத் துளைத்துப் பின்னால் போய், சேஸிஸ் தாங்கியோடு சேர்ந்து, இரண்டு பக்கமும் இடைவிடாத பற்றோடு இருக்க வேண்டும். முகத்தின் சேர்க்கைகளில் விட்டு விட்டுப் பற்றவைப்பது சரிதான், தாங்கியிலும் காதிலும் சரியல்ல. பற்றின் ஓரத்தில் பள்ளம் தோண்டியது போல இருந்தாலோ, மேலே ஊசித்துளைகள் தெரிந்தாலோ அந்தப் பற்று பலவீனமானது. காதின் துளைக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது உலோகம் இருக்கட்டும். வழக்கமான 3/4 அங்குல ஷேக்கிள் 4.75 டன் வேலைச்சுமைக்கு உரியது, அதன் குறுக்கே போகும் ஊசி 7/8 அங்குலம். துளை இதைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும்.

அடுத்து, சேஸிஸில் பூட்டும் துளைகள். பம்பரை இடவலமாகவும் மேல்கீழாகவும் சரிசெய்ய வசதியாகப் பெரும்பாலான தாங்கிகளில் நீள்வட்டத் துளைகள் வைத்திருப்பார்கள். பொருத்தும்போது அது வசதி. வின்ச் முழுச் சுமையில் பக்கவாட்டில் இழுக்கும்போதோ, போல்ட் அந்தத் துளைக்குள் நழுவும், பம்பர் கோணலாகிவிடும். நல்ல தயாரிப்புகளில் சரிசெய்த பிறகு துளையிட்டுப் பூட்டுவதற்குத் தனியாக ஒரு வட்டத் துளை இருக்கும். அது இல்லாவிட்டால், பம்பரை நேராக்கி முடித்ததும் தாங்கியையும் சேஸிஸையும் சேர்த்துத் துளைத்துப் பக்கத்துக்கு ஒரு போல்ட் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். எங்கே துளைக்கலாம் என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கூட வரும் போல்ட்களின் தலையைப் பாருங்கள். அங்குல அளவு போல்ட்டில் ஆறு ஆரக்கோடுகள் இருந்தால் கிரேடு 8, மூன்று இருந்தால் கிரேடு 5. மெட்ரிக் போல்ட்டில் 10.9 என்று பொறித்திருக்கும். எந்தக் குறியும் இல்லாத போல்ட்டைப் பம்பர் தாங்கியில் போடக் கூடாது.

வின்ச் உட்காருமா?

வண்டியின் மொத்த எடையை ஒன்றரையால் பெருக்கினால் வின்ச்சின் அளவு கிடைக்கும். 5,600 பவுண்டுக்கு அது 8,400 வருகிறது. சுமை ஏற்றிய டகோமாவுக்கு 9,000 அல்லது 10,000 பவுண்ட் வின்ச் சரியான தேர்வு. அதற்கு மேல் வாங்கினால் எடைதான் கூடும். வின்ச் பெட்டியில் எழுதியிருக்கும் இழுவிசை டிரம்மில் கயிற்றின் முதல் சுற்றடுக்குக்கு மட்டுமே பொருந்தும். நான்காவது அடுக்குக்கு வரும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பக்கத்து மரத்தில் கட்டி இழுக்க முடியாதபோது, கயிற்றைக் கூடுதலாக வெளியே விட்டுத் தூரத்து மரத்தில் கட்டுவது இதனால்தான் பலன் தருகிறது.

பூட்டும் துளைகள் பெரும்பாலான நடுத்தர வின்ச்களில் ஒரே அளவு: 10 அங்குலத்துக்கு 4.5 அங்குலம். துளை பொருந்தினால் வின்ச் பொருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி வின்ச்சின் தலைமேல் உட்காரும் மாடல்கள் ஹைபிரிட்டில் கிரில்லில் இடிக்கும். அந்தப் பெட்டியைத் தனியே நகர்த்த நீளமான கேபிள் தொகுப்பு வேண்டும். கிளட்ச் நெம்பு பின்னோக்கியோ கீழ்நோக்கியோ திரும்பியிருந்தால், கியர் பெட்டியின் திருகுகளைக் கழற்றி அதைத் திருப்பி வைக்கலாம். இதை மேசைமேல் வைத்துச் செய்யுங்கள், வண்டியில் பூட்டிய பிறகு செய்ய இடம் போதாது. கையுறை போட்ட கை உள்ளே போகிறதா என்று அப்போதே பாருங்கள்.

கயிறு வெளியே வரும் வாயையும் கயிற்றுக்கு ஏற்ப எடுங்கள்: செயற்கை இழைக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய ஹாஸ் வாய், ஸ்டீல் கயிற்றுக்கு உருளை வாய். ஸ்டீல் கயிறு ஓடிக் கீறல் விழுந்த உருளையில் இழைக் கயிற்றை ஓட்டினால் அது அறுபடும். டிரம்முக்குள் பிரேக் இருக்கும் வின்ச்களில், சுமையோடு கயிற்றை வெளியே விடும்போது டிரம் சூடாகி இழைக் கயிற்றின் உள்ளடுக்கு உருகும். செங்குத்தான இறக்கத்தில் வண்டியைக் கயிற்றில் இறக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் வின்ச்சின் பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். கேபிள் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். நடுவில் ஒரு துண்டிப்பு சுவிட்ச் வைத்தால், மோதலில் கேபிள் நசுங்கினாலும் தீப்பிடிக்கும் ஆபத்து குறையும்.

ரேடார், ஏர்பேக், காற்று

2018 முதல் டகோமாவில் முன்மோதல் எச்சரிக்கையும் ரேடார் குரூஸ் கன்ட்ரோலும் எல்லா மாடலிலும் வருகின்றன. ரேடார் இருப்பது கிரில்லின் டொயோட்டா சின்னத்துக்குப் பின்னால். பம்பரின் மேல் வளையமோ, அதில் மாட்டிய லைட் பாரோ, நம்பர் பிளேட்டோ அந்தச் சின்னத்துக்கு நேர் முன்னால் வந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும், அமைப்பு நின்றுவிடும். சில வேளை எச்சரிக்கையே வராமல் தவறாகப் படிக்கும், அது இன்னும் மோசம். வளையம் உள்ள பம்பரானால் 2018க்குப் பிந்தைய ரேடார் மாடலுக்கு அது பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். கிரில்லைக் கழற்றி மாட்டினாலோ வண்டியின் உயரம் மாறினாலோ ரேடாரின் நோக்கைச் சரிபார்க்க வேண்டும்.

குறுக்குச்சட்டத்தையும் ஃபோமையும் எடுத்துவிட்டு விறைப்பான எஃகைப் பூட்டினால் மோதலின் அதிர்ச்சி சேஸிஸுக்குப் போகும் விதமே மாறுகிறது. ஏர்பேக் விரியும் நேரம் அந்த அதிர்ச்சியைப் படித்தே தீர்மானிக்கப்படுகிறது. ஏஆர்பி போன்ற சில தயாரிப்பாளர்கள் ஏர்பேக்கோடு பொருந்துமா என்று சோதித்து, நசுங்கும் தாங்கிகளோடு தருகிறார்கள். குடும்பத்தோடு பயணம் செய்யும் வண்டியென்றால் இதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதீர்கள்.

அமெரிக்காவில் கார்களுக்கான கூட்டாட்சிப் பம்பர் விதி பிக்கப்களுக்குப் பொருந்தாது, ஆனால் உயரம், விளக்கு, நம்பர் பிளேட் பற்றி மாநில விதிகள் உண்டு. கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்ற இடங்களில் முன்னால் நம்பர் பிளேட் கட்டாயம். வின்ச் வாயை மறைக்காமல் மடக்கித் திறக்கும் பிளேட் தாங்கி ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இந்தியாவில் ஹைலக்ஸ் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, புல் பார், கிராஷ் கார்டு பொருத்துவதைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதியது. விறைப்பான எஃகு பாதசாரியின் உடலில் என்ன செய்யும் என்பதை நினைத்தால் அந்தத் தடையின் நியாயம் புரியும்.

காற்றோட்டம் பற்றிச் சுருக்கமாக: வின்ச்சும் லைட் பாரும் கீழ்த் திறப்பை அடைத்தால், கோடையில் மணலிலோ மெதுவான ஏற்றத்திலோ என்ஜின் சூடு ஏறும். வின்ச்சைச் சுற்றிலும் காற்று போக வழி உள்ள வடிவத்தையே எடுங்கள்.

எதை எடுப்பது?

கலிஃபோர்னியாவின் மோஹாவே பாலைவனப் பாதை போல மணலும் சரளையும் கலந்த, சுமார் 140 மைல் நீளும் தனிமையான வழிகளில் போகிறவருக்கு அலுமினியமோ ஹைபிரிட்டோ ஏற்றது. அங்கே எடை குறைவே பாதுகாப்பு. யூட்டாவின் மோவாபில் உள்ள மணற்கல் படிகளில் ஏறுகிறவருக்குச் சிறகு உயர்ந்த எஃகு ஹைபிரிட். ரூபிகானுக்கு முழு எஃகு, கூடவே கனமான ஸ்பிரிங். மான் ஓடும் நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு ஏர்பேக் சோதனை முடித்த, வளையமுள்ள முழு எஃகு. வாரக்கடைசியில் கானகச் சாலையில் கூடாரம் போடப் போகிறவருக்கு ஒளிந்த வின்ச் தட்டே போதும், மிச்சப் பணத்தில் நல்ல டயரும் ஒரு மீட்பு வாரும் வாங்கட்டும்.

விலையைப் பம்பரோடு நிறுத்தாதீர்கள். தட்டு சுமார் 500 டாலர், ஹைபிரிட் 1,000 முதல் 1,500, முழு எஃகு 1,300 முதல் 2,200, அலுமினியம் அதற்கும் மேல். இதன்மேல் லாரிக் கூலி, வின்ச், ஸ்பிரிங், அலைன்மென்ட், பொருத்தும் கூலி. முழு எஃகுப் பம்பர் வேலை முடியும்போது பம்பர் விலை இருமடங்காகியிருக்கும். ஸ்பிரிங்குக்குப் பணம் இல்லையென்றால் பம்பரை ஒத்திவையுங்கள், அதற்கு முன் வாங்கிப் பூட்ட வேண்டாம்.

பொருத்தும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு கிரில், பனி விளக்கு இணைப்புகள், உறை, குறுக்குச்சட்டம் என்ற வரிசையில் கழற்றுங்கள். ரேடாரின் இணைப்பைக் கையால் இழுக்காமல் கொக்கியை அழுத்தி எடுங்கள். பம்பரைத் தூக்கி வைக்கும் முன்பே வின்ச்சைத் தட்டில் பூட்டிக் கேபிளை ஓட்டிவிடுங்கள், பல வடிவங்களில் பிறகு பூட்ட இடம் இருக்காது. 70 கிலோ பம்பரை இரண்டு பேர் கையால் தூக்கிப் பிடிக்க முயலாதீர்கள், ஜாக்கியும் மரக்கட்டையும் வையுங்கள். எல்லாப் போல்ட்டையும் விரலிறுக்கமாகப் போட்டு, இருபுறமும் ஃபெண்டர் இடைவெளியை அளந்து சமப்படுத்திய பிறகே தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். சுமார் 800 கி.மீ. ஓடிய பிறகும், முதல் முறை வின்ச் இழுத்த மறுநாளும் அந்தக் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது தாங்கி நழுவியிருக்கிறது. முறுக்கிய பிறகும் மறுபடி விலகினால் அந்தப் போல்ட்டை மாற்றி, கூடுதல் துளைப் போல்ட்டைப் போடும் வரை அந்தப் பம்பரைப் பிடித்து யாரையும் இழுக்காதீர்கள்.